எழுந்து ஓடாத பறவை

கட்சால்
8 டிசம்பர் 2024

தம்பி உதயாவுக்கு அக்கா தங்கம் எழுதறது.

நீ சுகமா, குளிருக்குச் சரியா போர்த்திக்கிறியா, வேளைக்குச் சாப்பிடறியா. இங்க மக காவேரி சுகம், மாப்பிள்ளை சிவபிரகாஷ் சுகம். என்னைப் பத்தி அந்த இடத்துல எழுத வேண்டிய வார்த்தையை எழுதாம விட்டிருக்கேன். மூணு மாசமா அது கைக்கு வரலை.

போன்ல பேசலாமேன்னு கேட்பே. பேச்சுப் பாதி அறுந்து போகுது, மீதியில நான் அழுதுடறேன். காகிதத்துல அழுதா உனக்குக் கேட்காது. அஞ்சாவதோட நின்னவ எழுத்து, பார்த்துப் படிச்சுக்கோ. நர்ஸ் அகிலா இதைப் போட்டோ எடுத்து, டவர் கிடைக்கறப்போ அனுப்பும். நீயும் கையால எழுதிப் போட்டோவா அனுப்பு. ஆபீஸ்ல பிரிண்ட் போட்டு அகிலா கொண்டாந்து தரும்.

காவேரி முழுகாம இருக்கா. நாலாம் மாசம். உன் மச்சானுக்குத் தெரியாமலே போச்சு. மே கடைசியில தேதி. ரத்தக்கொதிப்பு இருக்கு, போர்ட் பிளேர்லதான் பெத்துக்கணும்னு டாக்டர் சாப் சொல்றார். மே பதினஞ்சாம் தேதி ஜஹாஸ்ல கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறதா இருக்கோம். ஆனா வயித்துப் பிள்ளை ஜஹாஸ் நேரம் பார்த்தா வரும்? தீவுல நம்ம பக்கம் மழை பிடிச்சா ஓடை பொங்கிடும், ஹெலிபேட் இருக்கற அந்தக் கரைக்கு யாரும் போக முடியாது. அதனாலதான் உன் மச்சானுக்கு அன்னைக்கு ஹெலிகாப்டரை நம்ம பெரட்டுக்களத்துக்கு வரச் சொன்னாங்க. காலையில பேர் கூப்பிட்டு ரப்பர் வெட்ட அனுப்பற அதே களம். என்ன நடந்துச்சுன்னு பதினாறாம் நாளுக்கு வந்தப்போ நீ கேட்கலை, நானும் சொல்லலை.

இப்போ ஒரு மனு கொடுத்திருக்கேன். பெரட்டுக்களத்தை நோயாளிக்காக ஹெலிகாப்டர் இறங்கற இடமா எழுதித் தரணும், மழைக்கு முன்னாடி தரணும். காடு இலாகா ரேஞ்சர் வந்து பார்த்தார். களத்துக்குக் கிழக்கு ஓரத்துல மேட்டுக்கோழி மேடு இருக்கில்ல, மண்ணும் சருகும் குவிச்சு உள்ளே முட்டையைப் புதைச்சு வைக்குமே, அதைக் காட்டினார். சத்தத்துக்குப் பறவை மேட்டை விட்டுட்டுப் போயிடும், உலகத்துலயே இந்தத் தீவுகள்லதான் இந்தக் கோழி இருக்கு, சட்டம் இடம் கொடுக்காதுங்கறார். தப்பா பேசலை. "போகாதுன்னு காட்டுங்கம்மா, நானே எழுதித் தரேன்"ன்னார்.

எப்படிக் காட்டறது? நீ அங்க ஹெலிகாப்டருக்குத் தரையில நின்னு கை காட்டற வேலை பார்க்கறே. சுத்தி ஆயிரக்கணக்குல பென்குயின் இருக்குன்னு சொன்னே. ஹெலிகாப்டரும் பறவையும் ஒரே இடத்துல எப்படி இருக்குதுங்க? தெரிஞ்சதை எழுது. எனக்கு மே மாசம் வரைக்கும்தான் நேரம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா தங்கம்

—

அண்டார்டிகா
21 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு உதயா எழுதுவது.

இங்கு நான் நலமாக இருக்கிறேன். காவேரிக்கு என் முத்தம். நான் தாத்தா ஆகப்போவதை ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சமையற்காரர் குழந்தைவேலு ரவா கேசரி கிண்டினார்.

நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். ஷோபனா மேடம் என்று ஒருவர் இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறார். ஹெலிகாப்டர் வேலை இல்லாத நாளில் நான் அவருக்குப் பறவைகளை எண்ணிக் கொடுக்கிறேன். பறவைகளுக்கு எட்டப் பாறை மறைவில் உட்கார வேண்டும். கையில் கட்டம் போட்ட காகிதம். தலை தூக்கியது எத்தனை, இறக்கை அடித்தது எத்தனை, நடந்துபோனது எத்தனை, கூட்டை விட்டது எத்தனை. நிமிஷத்துக்கு ஒரு வரி.

ஹெலிகாப்டர் கண்ணில் தெரிவதற்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் அத்தனை தலையும் ஒரு பக்கம் திரும்பும். இன்னும் தாழ்ந்தால், முட்டை இல்லாதவை எழுந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். முட்டை மேல் இருப்பவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். போன வாரம் மேகம் இறங்கியதால் ஒரு ஹெலிகாப்டர் தாழ்ந்து வரவேண்டியதாயிற்று. ஓடியவை மிதித்ததில் இரண்டு கூடு கலைந்தது. ஸ்குவா என்று பருந்து மாதிரி ஒரு பழுப்புப் பறவை, அதற்காகவே காத்திருந்ததுபோல் வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது.

அதனால் இங்கே விதி உண்டு. கூட்டத்துக்கு மேலே இரண்டாயிரம் அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. நேர் மேலே போகாமல் கடல் பக்கமாகச் சுற்றி வரவேண்டும். அக்கா, ஹெலிகாப்டரே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எந்த வழியாக, எவ்வளவு தள்ளி, எந்த மாதத்தில் என்றுதான் கேட்கிறார்கள்.

நீ சாப்பிடுகிறாயா?

அன்புத் தம்பி
உதயா

—

கட்சால்
5 ஜனவரி 2025

தம்பி உதயாவுக்கு அக்கா.

உன் கடுதாசி வந்துச்சு. நீ நல்லா இருக்கறது சந்தோஷம். இங்க காவேரிக்கு வாந்தி நின்னுடுச்சு. புளிச்சகீரை கேட்கறா.

உன் கடுதாசியை ரெண்டு நாள் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். கோவம். இரண்டாயிரம் அடின்னு எழுதியிருக்கே பாரு, அந்த இடத்துல. ஒரு பென்குயினுக்கு அடி அளந்து வச்சிருக்காங்க. உன் மச்சானுக்கு ஒருத்தரும் எதையும் அளக்கலை. அப்புறம் யோசிச்சேன். பறவை மேல கோவிச்சு என்ன. அதுவா ஹெலிகாப்டரை வரச் சொல்லுச்சு, அதுவா போகச் சொல்லுச்சு.

நீ கேட்காததை நானே எழுதறேன். செப்டம்பர் பதினொண்ணு. காலையில பால் வெட்டப் போன இடத்துல நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். டாக்டர் சாப் ஊசி போட்டு, உடனே போர்ட் பிளேர் போகணும்னு ரேடியோவுல சொன்னார். மழை. ஓடை பொங்கிட்டு நின்னுச்சு. மூணு மணிக்கு ஹெலிகாப்டர் சத்தம். லயத்து வீடுங்கள்ல இருந்த அத்தனை பேரும் களத்துக்கு ஓடினாங்க, பிள்ளைங்க ஆடுங்க எல்லாம். மேகம் மூடியிருந்துச்சே, எங்களைத் தெரியாம போயிடப்போவுதுன்னு நான் வீட்டுக்கு ஓடி என் கல்யாணக் கூறைச் சேலையை எடுத்துட்டு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். சுனாமி அன்னைக்கு காவேரிக்கு ஏணை கட்டியிருந்தது அந்தச் சேலையிலதான். பிள்ளையை ஏணையோட வாரிட்டு மலை மேல ஏறினோம். மூணாம் நாள் ஹெலிகாப்டர் வந்தப்போ அந்தச் சிவப்பைத்தான் ஆட்டினோம், பார்த்துட்டு வந்து பிஸ்கட்டும் தண்ணியும் போட்டான். அதை நம்பி, களத்துக்கு நடுவுல நின்னு ரெண்டு கையாலயும் ஆட்டினேன். கீழே இறங்கி வந்துச்சு. உள்ளே இருந்தவர் தலையில போட்ட தொப்பி கூடத் தெரிஞ்சுது. ரெண்டு தடவை சுத்துச்சு. அப்படியே மேலே தூக்கிட்டுப் போயிடுச்சு.

விளக்கு வைக்கற நேரத்துக்கு உன் மச்சான் போயிட்டார். மறுநாள் காலையில ஹெலிகாப்டர் திரும்பி வந்துச்சு. ஏத்தறதுக்கு ஆள் இல்லை.

ஏன் போச்சு உதயா? நான் அவ்வளவு ஆட்டினேனே. நீ அந்த வேலையிலயே இருக்கறவன், உனக்குத் தெரியும். தெரிஞ்சாதான் காவேரிக்கு அந்தத் தப்பு நடக்காம பார்த்துக்க முடியும். இதுக்குப் பதில் எழுது.

அக்கா தங்கம்

—

அண்டார்டிகா
30 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு.

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

பென்குயின் குஞ்சுகள் இப்போது வளர்ந்துவிட்டன. சாம்பல் நிறம், பஞ்சு மூட்டை மாதிரி. பெற்றவை கடலுக்குப் போகும்போது குஞ்சுகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

முட்டைக் காலத்தில் மேடம் காட்டிய ஒன்றை உனக்கு எழுத வேண்டும். முட்டை மாதிரியே ஒரு போலி முட்டை. உள்ளே கருவி இருக்கிறது. கூட்டில் வைத்தால் பறவை அதன் மேலும் உட்கார்ந்துகொள்கிறது. அதன் நெஞ்சுத் துடிப்பு கம்ப்யூட்டரில் கோடாகத் தெரியும். ஹெலிகாப்டர் தூரத்தில் வந்தது. ஓடியவை ஓடின. இந்தப் பறவை அசையவே இல்லை, இறக்கை கூட அடிக்கவில்லை. என் காகிதத்தில் 'பாதிப்பு இல்லை' என்று எழுதினேன். மேடம் திரையைக் காட்டினார். அதன் நெஞ்சு ஒன்றரை மடங்கு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் போய் நெடுநேரம் கழித்துத்தான் இறங்கியது.

"உதயா, எழுந்து ஓடாததைப் பயப்படாதது என்று எழுதாதீங்க" என்றார். என் காகிதத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

உன் மேட்டுக்கோழி முட்டை மேல் உட்காராது. அதனால் நீ வேறு மாதிரி எண்ண வேண்டும். அது மேட்டுக்கு வந்து மண்ணைக் கிளறும் நேரத்தைக் குறி. சத்தம் வந்தால் எப்போது ஓடியது, எத்தனை நிமிஷத்தில் திரும்பி வந்து கிளறியது. மரம் அறுக்கும் மிஷின், டிராக்டர், மேலே போகும் ஹெலிகாப்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. சத்தமே இல்லாத நாளும் எழுத வேண்டும், அது முக்கியம். எட்ட உட்கார். நீயே சத்தமாகிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு அக்கா.

உதயா

—

கட்சால்
16 பிப்ரவரி 2025

தம்பிக்கு அக்கா.

நலமா இரு. காவேரிக்கு ஆறு முடியப் போகுது. பிள்ளை உதைக்குது. பிரஷர் மாத்திரை தொடங்கியாச்சு.

பால் வெட்டு முடிஞ்சு, பாலை ஸ்டோர்ல ஊத்திட்டு, பத்து மணிக்குப் போய் உட்கார்றேன். களத்து ஓரத்து வெட்டுப்போன ரப்பர் மரத்துக்குப் பின்னாடி. காவேரி ஸ்கூல்ல எழுதி மிச்சம் வச்ச நோட்டு. உன் மச்சான் கைக்கடிகாரம். முதல் மூணு நாள் பறவை வரவே இல்லை. நாலாம் நாள் சேலையை மாத்தி, பழைய காக்கிச் சட்டையைப் போட்டுட்டுப் போனேன். வந்துடுச்சு. ஜோடியா வருது. ரெண்டும் முதுகைக் காட்டிட்டு காலால மண்ணைப் பின்னாடி தள்ளறது, நம்ம பொம்பளைங்க களம் கூட்டற மாதிரி.

நம்ம லயத்துக் காத்தமுத்து அண்ணன் தினமும் வந்து வம்பு பண்றார். "என்ன தங்கம், கோழிக்குப் பெரட்டு எடுக்கறியா, லேட்டா வந்தா அரைநாள் போடாதே பாவம்"ங்கறார். பென்குயின் எல்லாம் ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்தே மல்லாக்க விழுந்துடுமாம், எங்கேயோ கேட்டாராம். உன் தம்பியைக் கேளுன்னு ஒரே தொந்தரவு. ஆனா நான் உட்கார்ந்திருக்கற நேரத்துல ஆடுங்களை அந்தப் பக்கம் விடாம மறிச்சு நிக்கறது அவர்தான்.

கணக்கு இது. சத்தம் இல்லாத நாள்ல, விட்டுவிட்டு வந்து கிளறுது, இடையில அஞ்சு நிமிஷம் ஆறு நிமிஷம். டிராக்டர் வந்தா ஒன்பது. மரம் அறுத்த அன்னைக்குப் பதினொண்ணு. மேலே உசரத்துல ஹெலிகாப்டர் போனது நாலு தடவை, ஒரு தடவைதான் புதருக்குள்ள ஓடுச்சு, எட்டு நிமிஷத்துல வந்துடுச்சு. ரேஞ்சர்கிட்ட நோட்டைக் காட்டினேன். மெதுவா, பக்கம் பக்கமா படிச்சார். தமிழ் படிக்கத் தெரியாதவர், நம்பரைப் படிச்சார். "இறங்கினா என்ன ஆகும்னு இதுல இல்லையே அம்மா"ன்னார். நிஜம்தான். அப்போ ஒரு தடவை இறக்கிப் பார்க்கணும்னேன். மேலே எழுதறேன்னிருக்கார்.

எழுந்து ஓடாத பறவையைப் பத்தி எழுதியிருந்தே. அகிலாவை ரெண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். இங்க எல்லாரும் தங்கம் கல்லு மாதிரி இருக்காங்கறாங்க.

நான் கேட்டதுக்குப் பதில் வரலை.

அக்கா தங்கம்

—

அண்டார்டிகா
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு.

நான் நலம். காவேரி உப்பைக் குறைக்கட்டும்.

காத்தமுத்து அண்ணனிடம் சொல், ஒரு பென்குயினும் மல்லாந்து விழவில்லை. நான் இரண்டு மாதம் பார்த்தேன். அவை நேராக நின்று பார்க்கும், அவ்வளவுதான். நான்தான் பனியில் வழுக்கி இரண்டு முறை மல்லாந்து விழுந்தேன்.

நேற்று கடைசி ஜஹாஸ் போய்விட்டது. ஹெலிகாப்டர்களும் அதோடு போய்விட்டன. பென்குயின்களும் கடலுக்குப் போய்விட்டன. ஷோபனா மேடமும் போய்விட்டார். இனி நவம்பர் வரை நாங்கள் இருபத்து மூன்று பேர்தான். ஜெனரேட்டர் வேலை எனக்கு. இங்கிருந்து யாரும் எங்கும் போக முடியாது, என்ன நடந்தாலும்.

சோதனைக்கு ஹெலிகாப்டர் வந்தால் இதைக் கேள்: மேற்கே கடல் பக்கமாக வந்து, அதே வழியாகத் திரும்பட்டும். மேடு கிழக்கே இருப்பதால் அதற்கு மேலே போக வேண்டியதே இல்லை. தகரம், சருகு, பாலித்தீன் எதுவும் களத்தில் கிடக்கக் கூடாது, காற்றில் பறக்கும். ஆட்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

நீ கேட்டது பற்றி. அன்று மேகம் இருந்தது. காற்று எப்படி என்று நமக்குத் தெரியாது. கூட்டம் இருந்தது. பைலட் என்ன நினைத்தார் என்று இங்கிருந்து சொல்வது கஷ்டம்.

உதயா

—

கட்சால்
6 ஏப்ரல் 2025

உதயாவுக்கு.

காவேரி சுகம். நீயும் சுகமா இரு.

வியாழக்கிழமை சோதனைக்கு வந்தாங்க. முந்தின நாளே தரை வேலை சொல்லிக்கொடுக்க அஸ்வின்னு ஒருத்தர் வந்தார். லயத்துல இருந்து ரெண்டு பேர் கத்துக்கணும், ஹெலிகாப்டர் வந்தா களத்தைக் காலி பண்ணி நிறுத்தணும், யார் வர்றீங்கன்னு கேட்டார். நான் கை தூக்கினேன். காத்தமுத்து அண்ணனும் தூக்கினார்.

அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஹிந்தியில சொன்னார். பையில இருந்து ரெண்டு கொடி எடுத்தார். "ஹரா மத்லப் ஆவோ. லால் மத்லப் மத் ஆவோ." பச்சைன்னா வா, சிவப்புன்னா வராதே.

நான் திரும்பக் கேட்டேன். சிவப்பைப் பார்த்தா என்ன பண்ணுவாங்கன்னு. இறங்க மாட்டாங்க, தரையில ஏதோ ஆபத்துன்னு அர்த்தம், ரெண்டு சுத்துச் சுத்திப் பார்த்துட்டுப் போயிடுவாங்கன்னார். கட்டாயமான்னு கேட்டேன். கட்டாயம்னார். காத்தமுத்து அண்ணன் தலையைக் குனிஞ்சுட்டார். அன்னைக்கு அவரும் களத்துல நின்னவர்தானே.

நான் எழுந்து போகலை. இன்னொரு தடவை சொல்லிக்கொடுங்கன்னு கேட்டேன். பச்சைக் கொடியை எப்படிப் பிடிக்கணும், எங்க நிக்கணும், காத்து எந்தப் பக்கம்னு எல்லாம் கத்துக்கிட்டேன். மறுநாள் ஹெலிகாப்டர் வந்து இறங்கிட்டுப் போச்சு. பறவை முப்பத்து நாலு நிமிஷத்துல திரும்பி வந்து கிளறுச்சு. நோட்டுல எழுதி, ரேஞ்சரும் கையெழுத்துப் போட்டார்.

நீ அந்த வேலை பார்க்கறவன். முதல் நாளே உனக்குத் தெரியும். மூணு மாசமா பென்குயின் கதை எழுதினே.

தங்கம்

—

அண்டார்டிகா
7 ஏப்ரல் 2025

அக்கா,

ஆமாம், தெரியும்.

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. இருபத்தைந்து நாள் பதில் எழுதாமல் இருந்தது வேலையால் இல்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். அல்லது மறக்காமல் எழுதாமல் விட்டாய். சுனாமிக்கு மூன்றாம் நாள் மலை மேல் உனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்பா அம்மாவைக் காணோம் என்று உறைந்து உட்கார்ந்திருந்தாய். "அக்கா, சேலையைக் கொடு, சிவப்பு, தெரியும்" என்று உன் மடியிலிருந்து உருவி ஆட்டியது நான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஹெலிகாப்டர் வந்ததும் ஊரே என்னைத் தூக்கி வைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேலைக்குச் சேர்ந்து முதல் வாரமே சிவப்பு என்றால் வராதே என்று படித்தேன். ஊருக்கு எத்தனை முறை வந்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

சுனாமியில் வந்தவர்கள் இறங்க வரவில்லை அக்கா. உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடி வந்தார்கள். எந்த நிறம் கண்ணில் பட்டாலும் போதும். இறங்க வருகிறவருக்குச் சிவப்பு வேறு. இரண்டும் ஒரே ஹெலிகாப்டர் என்று நீ நினைத்தது உன் தப்பு இல்லை.

அன்று கூட்டம் களத்துக்குள் நின்றது, ஆடு நின்றது. சேலை இல்லாவிட்டாலும் அவர் இறங்கியிருக்க மாட்டாரோ என்னவோ. இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

உதயா

—

கட்சால்
27 ஏப்ரல் 2025

தம்பி உதயாவுக்கு அக்கா எழுதறது.

நீ சுகமா, ராத்திரி பகல் தெரியாத ஊர்ல தூக்கம் வருதா. இங்க காவேரிக்குக் காலு வீங்கியிருக்கு, பிரஷர் ஏறி ஏறி இறங்குது.

இருபது நாள் எழுதலை. கோவத்துல இல்லை. முதல் ஒரு வாரம் பால் வெட்டப் போனேன், வந்தேன், படுத்தேன். பெட்டியைத் திறக்கலை, சேலை உள்ளே இருந்துச்சு. எரிச்சுடலாம்னு நினைச்சேன். அப்புறம் தோணுச்சு, எரிச்சா ஒண்ணும் தெரியாத மாதிரி ஆயிடும். எனக்குத் தெரியணும்.

மடியில இருந்து நீ உருவினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதை எழுதினா உனக்கு வலிக்கும்னு விட்டேன். நீயும் அப்படியே விட்டிருக்கே. ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான்.

அன்னைக்கு நீ ஆட்டலைன்னா நாம தண்ணி இல்லாமலே போயிருப்போம். காவேரிக்கு அப்போ ஒரு வயசு. அந்தச் சிவப்பு அந்த நாளுக்குச் சரி. இதை இனிமே நீ தூக்கிட்டுத் திரியாதே. அக்கா சொல்றேன்.

ரேஞ்சர் எழுதிக் கொடுத்துட்டார். ஒரு வருஷத்துக்கு. நோயாளிக்கு மட்டும்தான் இறங்கணும், கடல் பக்கமா வந்து கடல் பக்கமா போகணும், மேட்டைச் சுத்தி எல்லை கட்டணும், ஒவ்வொரு தடவையும் பறவை எப்போ திரும்புச்சுன்னு நான் எழுதித் தரணும். எல்லைக்கு என்ன கட்டறதுன்னு கேட்டேன். கண்ணுல படற மாதிரி ஏதாவது துணின்னார்.

கூறைச் சேலையை எடுத்துப் பாதியா வெட்டினேன். ஒரு பாதியைக் கையகலத்துக்குக் கிழிச்சு, கயித்துல கட்டி, மேட்டைச் சுத்தியும், ஆளுங்க நிக்க வேண்டிய கோட்டுக்கும் கட்டியிருக்கேன். காத்தமுத்து அண்ணன்தான் முளை அடிச்சார். "கூறையை வெட்டறியே தங்கம்"ன்னார். "சிவப்புக்கு அர்த்தம் 'வராதே'ன்னுதானே அண்ணே, இப்போ சரியான இடத்துல சொல்லட்டும்"ன்னேன். அவர் எல்லா முளையையும் இன்னொரு தடவை அடிச்சார்.

மீதிப் பாதி மடிச்சு வச்சிருக்கு.

அக்கா தங்கம்

—

அண்டார்டிகா
20 மே 2025

அக்காவுக்கு,

நீ நலமா? காவேரி நலமா? பதினைந்தாம் தேதி கப்பல் ஏறினீர்களா? புயலால் கப்பல் இல்லை என்று செய்தியில் பார்த்தேன். அகிலாவின் போன் ஒரு வாரமாகக் கிடைக்கவில்லை. சிவபிரகாஷ் போனும் இல்லை.

இங்கு சூரியன் இனி ஜூலையில்தான். நான் ஜெனரேட்டரைப் பார்க்கிறேன், பிறகு போனைப் பார்க்கிறேன். ஒரு வரி போதும்.

உதயா

—

கட்சால்
29 மே 2025

என் தம்பி உதயாவுக்கு.

நேத்துதான் டவர் வந்துச்சு. உன் கடுதாசியும் நேத்துதான், மாப்பிள்ளை இங்க விட்டுட்டுப் போன போன்ல வந்துச்சு. பயந்திருப்பே. நல்ல சேதியை முதல்ல எழுதறேன், அப்புறம் நடந்ததைப் படி. காவேரி போர்ட் பிளேர்ல சுகமா இருக்கா. பொம்பளைப் பிள்ளை. ரெண்டு கிலோ முன்னூறு. மூக்கு உன் மச்சான் மூக்கு.

மே பன்னெண்டாம் தேதி மழை கொட்டுச்சு. காலையில தலை வலிக்குதுன்னா, கண்ணு மங்குதுன்னா. அகிலா பிரஷர் பார்த்துட்டு வெளியே வந்து நின்னுச்சு, முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு. டாக்டர் சாப் ரேடியோவுல சொன்னார். ஓடை பொங்கிடுச்சு, கப்பல் இல்லை. அதே மாதிரி நாள் உதயா. அதே மேகம்.

காவேரி என் கையைப் பிடிச்சு, "அம்மா நீ என்கூட இரு"ன்னா. கையை விடுவிச்சுட்டு வந்துட்டேன். களத்துல நிக்க வேண்டியவ நான்தானே.

லயம் மொத்தமும் வந்துச்சு. ஆனா சிவப்புக் கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னாங்க, ஒரு பிள்ளை தாண்டலை. காத்தமுத்து அண்ணன் கோலை வச்சுட்டு அதட்டிட்டே இருந்தார். "பார்க்கறதுக்கு நூறு நாள் இருக்கு, இன்னைக்குப் பென்குயின் மாதிரி நேரா நில்லுங்கடா"ன்னு. அவர் நாய் ஒண்ணுதான் தாண்டுச்சு, அதையும் வாலைப் பிடிச்சு இழுத்துட்டார்.

மேகத்துக்குள்ள இருந்து கடல் பக்கமா சத்தம் வந்துச்சு. நான் காத்துக்கு முதுகைக் கொடுத்து நின்னேன். பச்சையைத் தூக்கினேன். கீழே வந்துச்சு, அன்னைக்கு வந்த அதே உசரத்துக்கு. அங்க ஒரு நொடி நின்னுச்சு பாரு உதயா, அந்த நொடியில உன் போலி முட்டையை என் மேல வச்சிருந்தா மிஷினே உடைஞ்சிருக்கும். அப்புறம் இறங்கிடுச்சு.

காவேரியை ஏத்தினாங்க. அகிலாவும் சிவபிரகாஷும் கூடப் போனாங்க. அகிலா போன் மழையில நனைஞ்சு செத்துப்போச்சு, மாப்பிள்ளை அவசரத்துல போனை இங்கயே விட்டுட்டார், இங்க டவரும் விழுந்துடுச்சு. அதான் உனக்குச் சேதி இல்லை. சேதி தெரியாம நானும் நாலு நாள் கிடந்தேன், போலீஸ் ரேடியோவுலதான் சொன்னாங்க.

அது போனதும் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழ வந்தாங்க. கிட்ட வராதீங்கன்னுட்டேன். போய் ரப்பர் மரத்துக்குப் பின்னாடி உட்கார்ந்து, கடிகாரத்தை எடுத்து மணியை எழுதினேன். ரேஞ்சருக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே. மழை நோட்டுல விழுந்துச்சு, காக்கிச் சட்டையால மூடிக்கிட்டேன். ஜோடி இருபத்தாறு நிமிஷத்துல வந்துச்சு. சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிட்டு, மண்ணைத் தள்ள ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம்தான் அழுதேன். சத்தமில்லாமதான். அது ஓடிடக் கூடாதில்ல.

நாலாம் தேதி ஜஹாஸ்ல போர்ட் பிளேர் போறேன். மடிச்சு வச்ச பாதியைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன், பிள்ளைக்கு ஏணை கட்ட. சாயம் கொஞ்சம் போயிருக்கு, துணி நல்லா இருக்கு.

நீ அங்க உடம்பைப் பார்த்துக்கோ. சூரியன் வந்ததும் முதல்ல எனக்குச் சொல்லு.

ஆரம்பத்துல எழுத வேண்டியதைக் கடைசியில எழுதறேன். காவேரி நலம். பிள்ளை நலம். மேட்டுக்கோழி நலம். நான் எழுந்து ஓடலை.

அக்கா தங்கம்